மூன்று முறை தட்டப்பட்ட கதவு: யார் இந்த ஐடா ஸ்கடர்?

காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி வேலூருக்குள் போனால், ஒரு கட்டத்துக்கு மேல் கடைப் பலகைகளில் தமிழோடு பெங்காலியும் இந்தியும் கலந்து வரும். லாட்ஜ்களில் வங்காளத்துக் குடும்பங்கள், வடகிழக்கு மாநிலத்துக் குடும்பங்கள், கையில் ஸ்கேன் கவர். எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள்: சி.எம்.சி. என்று ஊரே அழைக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

இதைத் தொடங்கியவர் ஐடா சோஃபியா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஒரே ராத்திரியில் மூன்று பேர் அவர் கதவைத் தட்டிய கதையும் தெரிந்திருக்கும். சர்ச்சுக்குப் போகிறவர்கள் பிரசங்கத்தில் இந்தக் கதையைப் பத்து தடவையாவது கேட்டிருப்பார்கள். கடவுள் ஒருவருடைய வாழ்க்கைக்கு வைத்திருக்கும் திட்டத்தைக் காட்டுவதைக் கிறிஸ்தவர்கள் தரிசனம் என்பார்கள், அழைப்பு என்பார்கள். அதற்கு உதாரணமாக உடனே எடுத்துக்காட்டப்படும் பெயர்களில் ஒன்று ஐடா ஸ்கடர்.

ஆனா பெரும்பாலும் கதை அந்த ராத்திரியோடவே முடிஞ்சுடும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. அந்த ராத்திரியில் கிடைத்த தரிசனத்தை வைத்துக்கொண்டு அவர் 40 வருஷத்துக்கும் மேல் உழைத்தார். பிறகு ஒரு நாள், அதே தரிசனத்தின் ஒரு பகுதியைக் கைவிட வேண்டிய நிலை அவருக்கு வந்தது.

மிஷனரி குடும்பம், ஆனா மிஷனரி ஆக இஷ்டமில்லை

ஐடா பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். அப்பா ஜான் ஸ்கடர், மருத்துவர், மிஷனரி. அம்மா பெயர் சோஃபியா. ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் பிள்ளை.

தாத்தா பெயரும் ஜான் ஸ்கடர்தான். நியூயார்க்கில் நன்றாகப் பிராக்டிஸ் நடத்திக்கொண்டிருந்த டாக்டர். ஒரு நோயாளியின் வீட்டில் கையில் கிடைத்த ஒரு சின்னப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டு 1819-ல் கப்பல் ஏறியவர். முதலில் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு, பிறகு சென்னை. அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரி என்று வரலாறு அவரைத்தான் குறிப்பிடுகிறது. அவருடைய ஏழு மகன்களும் இந்தியாவுக்கே ஊழியத்துக்கு வந்தார்கள். வீட்டில் யாராவது மிஷனரி ஆகாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்கிற மாதிரி ஒரு குடும்பம்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இந்தியா என்றாலே எரிச்சலாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தாது வருஷப் பஞ்சம் தமிழ்நாட்டை வாட்டிய காலத்தில் ஐடாவுக்கு ஆறு, ஏழு வயது. ரொட்டித் துண்டைக் கையில் வாங்கக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளின் வாயில் அதைப் பிட்டு வைக்கும் வேலை அந்தச் சிறுமிக்கு வந்தது. பின்னர் குடும்பம் அமெரிக்கா திரும்பி, நெப்ராஸ்காவில் ஒரு பண்ணையில் கொஞ்ச காலம் வாழ்ந்தது. அப்புறம் அப்பா மறுபடி இந்தியாவுக்குக் கிளம்பினார். பின்னாலேயே அம்மாவும். ஐடாவை சிகாகோவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பெற்றோரைத் தன்னிடமிருந்து பறித்த நாடு இந்தியா. ஒரு பதின்வயதுப் பெண் வேறு எப்படி அதைப் பார்த்திருக்க முடியும்?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில், சுவிசேஷகர் மூடி தொடங்கிய பெண்கள் பள்ளியில் படித்தார். குறும்புக்காரி, கலகலப்பானவர், நண்பர்கள் அதிகம். நல்ல கணவர், அமெரிக்காவில் வசதியான வீடு. இவ்வளவுதான் திட்டம். ஸ்கடர் குடும்பத்தில் ஒருத்தராவது மிஷனரி ஆகாமல் இருக்கட்டுமே என்பது அவருடைய கணக்கு.

திண்டிவனத்தில் அந்த இரவு

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கொஞ்ச நாள்தான், திரும்பி வந்துவிடலாம் என்று ஐடா கப்பல் ஏறினார். அப்போது பெற்றோர் இருந்தது திண்டிவனத்தில்.

ஒரு நாள் இரவு மிஷன் பங்களாவில் அவர் இருந்தபோது ஒரு பிராமண இளைஞர் வந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை பிறக்கவில்லை, நிலைமை மோசம். ஐடா உடனே அப்பாவைக் கூப்பிட நினைத்தார். வந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்நிய ஆண் ஒருவர் வீட்டுப் பெண்ணைத் தொடுவது அந்தக் காலத்துப் பல குடும்பங்களில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம். ஐடா வந்தால் போதும் என்றார் அவர். ஐடாவுக்கு மருத்துவம் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

அவர் போனதும் ஒரு முஸ்லிம் இளைஞர் வந்தார். அதே பிரச்சினை, அதே வேண்டுதல், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக இன்னொரு இந்துக் குடும்பத்தவர். மூன்று வீடு, மூன்று பெண்கள், ஒரே ராத்திரி. அப்பா டாக்டர், பக்கத்து அறையில் இருக்கிறார். ஆனாலும் எதுவும் செய்ய முடியவில்லை.

ஐடா தூங்கவில்லை. ஜெபித்தார். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அந்தக் காலையில், தான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாகப் பெற்றோரிடம் சொன்னார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இரவில் வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்டதாக ஐடாவின் கதையில் இல்லை. கேட்டதெல்லாம் மூன்று கணவர்களின் குரல். வாசலில் வந்து நின்ற தேவையையே அவர் கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டார். அவருடைய ஆசை அந்த அழைப்புக்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது. மனசுக்குப் பிடித்ததைச் செய், அதுதான் உன் வழி என்று இன்றைக்கு கரியர் ஆலோசனையில் சொல்கிறார்கள் இல்லையா? அந்தக் கணக்கு இவருக்குப் பொருந்தவே இல்லை.

படிப்புக்கு மட்டும் எத்தனை வருஷம்?

முடிவு ஒரு ராத்திரியில் வந்தது. வேலை தொடங்க வருஷங்கள் ஆயின. கொஞ்ச காலம் இந்தியாவிலேயே இருந்து, அம்மா நடத்திய பெண்கள் பள்ளியைக் கவனித்துக்கொண்டார். பிறகு அமெரிக்கா போய், 1895-ல் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கடைசிக் கட்டப் படிப்புக்கு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறினார். அந்தக் கல்லூரி பெண்களை அப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1899-ல் பட்டம்.

இதற்கிடையில் இந்தியாவில் பெண் டாக்டர்களே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்தது. ஆனால் எண்ணிக்கை மிகக் குறைவு. பட்டணத்தைத் தாண்டினால் வட ஆற்காட்டுக் கிராமத்துப் பெண்ணுக்கு அதனால் என்ன பயன்? முத்துலட்சுமி ரெட்டி பட்டம் வாங்கியதே 1912-ல்தான்.

கிளம்புவதற்கு முன் ஐடாவுக்கு ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டது: பெண்களுக்கான மருத்துவமனை கட்டப் பணம் திரட்ட வேண்டும். பல இடங்களில் பேசியும் பெரிதாக எதுவும் சேரவில்லை. கப்பல் புறப்பட சில நாட்களே இருந்தபோது, மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணியைப் பார்த்து உதவி கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய உறவினர், ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். வேலூரில் எழுந்த முதல் மருத்துவமனைக்கு மேரி டேபர் ஷெல் என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

ஒரு கட்டிலில் தொடங்கிய ஆஸ்பத்திரி

1900-ம் ஆண்டு பிறந்தபோது ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். கூடவே தோழி ஆனி ஹான்காக். அப்பாவிடம் சில வருஷம் தொழில் கற்றுக்கொள்ளலாம் என்பது யோசனை. அதே ஆண்டு மே மாதம் அப்பா இறந்துபோனார். கையில் புதுப் பட்டம், அனுபவம் பூஜ்யம், கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

வேலூர் பங்களாவில் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில். அதுதான் தொடக்கம். ஆரம்பத்தில் பெண்கள் தயங்கினார்கள். இளவயது வெள்ளைக்காரி, இவருக்கு என்ன தெரியும்? ஹான்காக் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசிப் பழகினார். மெல்ல மெல்லக் கூட்டம் வந்தது. இரண்டு வருஷத்தில் ஐடா பார்த்த நோயாளிகள் சுமார் 5,000 பேர். 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறந்தது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள்? அவர்களைத் தேடி இவரே போனார். முதலில் மாட்டு வண்டி, 1909 வாக்கில் ஒரு மோட்டார் கார். குடியாத்தம் சாலையில் வழியெங்கும் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். கண் நோய், புண், காய்ச்சல், தொழுநோய் என எல்லாவற்றுக்கும் சாலையோரத்திலேயே வைத்தியம். ரோட்ஸைடு என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மருத்துவர் ஊருக்குள் வர வேண்டும் என்ற பழக்கம் அங்கிருந்துதான் அந்தக் கல்லூரிக்கு வந்தது.

1909-ல் செவிலியர் பயிற்சியையும் தொடங்கினார். எவ்வளவு ஓடினாலும் ஒரு டாக்டரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? அந்த மூன்று பெண்களைப் போல எத்தனையோ பேர் எத்தனையோ ஊர்களில். தான் ஒருத்தி டாக்டர் ஆனது போதாது, இந்தியப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்துசேர்ந்தார்.

மூணு பேர் வந்தாலே பெரிசு என்றார் அதிகாரி

பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி என்று அனுமதி கேட்டபோது, சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவராக இருந்த கர்னல் பிரைசனுக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தால் ஐடாவுக்கு அதிர்ஷ்டம்தான் என்பது அவர் கணிப்பு. வந்த விண்ணப்பங்கள் அந்த எண்ணிக்கையைப் பல மடங்கு தாண்டின. இருந்த இடத்துக்கு ஏற்றபடி ஒரு சிறிய அணியை மட்டும் சேர்த்துக்கொண்டு 1918 ஆகஸ்ட் 12 அன்று பள்ளி தொடங்கியது. முதல் உலகப் போர் இன்னும் முடியவில்லை. போதிய கட்டடமும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. பாதிப் பாடத்தை ஐடாவே நடத்தினார் என்று சொல்லும் அளவுக்கு நிலைமை.

அங்கே கொடுத்தது எம்.பி.பி.எஸ். இல்லை. எல்.எம்.பி. என்ற மருத்துவ டிப்ளமோ. 1922-ல் முதல் அணியின் 14 பெண்களும் அரசுத் தேர்வில் தேறினார்கள். ஆண்கள் படித்த பள்ளிகளில்கூட அந்தத் தேர்வில் பலர் கவிழ்ந்துகொண்டிருந்த காலம் அது.

பணம்? அமெரிக்கத் திருச்சபைப் பெண்கள் திரட்டினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் லூசி பீபாடி. ஆசிய நாடுகளில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக 20 லட்சம் டாலர் திரட்டினால் ராக்ஃபெல்லர் நிதியிலிருந்து மேலும் 10 லட்சம் கிடைக்கும் என்று ஏற்பாடு. 1920-களின் தொடக்கத்தில் அந்த இலக்கை அவர்கள் எட்டினார்கள். வேலூருக்கும் பங்கு வந்தது. தோட்டப்பாளையத்தில் புதிய மருத்துவமனை, பாகாயத்தில் கல்லூரி வளாகம் என்று வளர்ந்தது. 1928-ல் காந்தியும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெண்கள் கொடுத்த பணம். பெண்களுக்கான பள்ளி. பெண் நோயாளிகளுக்காகப் பெண் டாக்டர்கள். திண்டிவனத்து இரவுக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியுமா?

1938: தரிசனத்துக்கே சோதனை

ஐடாவுக்கு 67 வயது. அந்த நேரத்தில் சென்னை மாகாண அரசு ஒரு முடிவெடுத்தது. இனி எல்.எம்.பி. கிடையாது. மருத்துவர் ஆக வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும். கொள்கை என்ற வகையில் நியாயமான முடிவுதான். நாடு முழுக்க ஒரே தரம் வேண்டாமா? ஆனால் வேலூருக்கு அது கிட்டத்தட்டப் பூட்டு. புதிய மாணவிகளைச் சேர்க்க முடியவில்லை. எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர வேண்டுமென்றால் உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள், கூடுதல் படுக்கைகள், ஆய்வகங்கள் எல்லாம் வேண்டும். அதற்கான பணம் எங்கே? அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் வேறு.

1941-ல், 70 வயதில், அவர் மறுபடியும் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அப்போதுதான் ஒரு யோசனை வலுத்தது. ஆண்களுக்கும் ஒரு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற பேச்சு மிஷன்கள் நடுவில் நீண்ட நாளாக இருந்துவந்தது. தனித்தனியாக இரண்டு கட்டப் பணம் இல்லை. வேலூரையே இருபாலர் கல்லூரி ஆக்கினால், எல்லாச் சபைகளும் சேர்ந்து தாங்கும், எம்.பி.பி.எஸ். தரத்தையும் எட்டலாம். மறுத்தால் மூட வேண்டி வரலாம்.

லூசி பீபாடி கொதித்துப்போனார். பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த பணம் அது. ஆண்கள் உள்ளே வந்தால் இடங்களும் பதவிகளும் அவர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம் அவர் தரப்பில் இருந்தது. அந்தப் பயத்தை இன்றைக்கும் ஒதுக்கித்தள்ள முடியாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 20 வருஷமாகத் தோள்கொடுத்த தோழி, இப்போது எதிர்ப்பக்கம்.

ஐடா எந்தப் பக்கம் போவது? பெண்களுக்காக மட்டும் என்பது அவருக்கு வெறும் கல்லூரி விதி இல்லை. மூன்று பெண்கள் இறந்த காலையில் கடவுளிடமிருந்து பெற்றதாக அவர் நம்பிய வாக்கு அது. அதில் கைவைப்பது கீழ்ப்படியாமை ஆகாதா? அதே சமயம், அதைப் பிடித்துக்கொண்டு கல்லூரியை மூடவிட்டால் ஒரு பெண்கூட டாக்டர் ஆக முடியாது. அதுவா கீழ்ப்படிதல்?

கடவுளின் சித்தத்தைத் தேடுவது பற்றிப் பேசும்போது, நம்ம ஆசை ஒரு பக்கம், கடவுளின் விருப்பம் மறுபக்கம் என்று எளிதாகப் பிரித்துவிடுகிறோம். இங்கே இரண்டு பக்கத்திலும் இருந்தது கடவுளின் வேலைதான். 20 வயதில் அவர் விட்டுக்கொடுத்தது தன் சொந்தத் திட்டத்தை. 70 வயதில் விட்டுக்கொடுக்கச் சொல்லப்பட்டது, கடவுளுக்காக என்று தான் கட்டிய திட்டத்தை. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், இரண்டாவது என்றுதான் சொல்வேன்.

மனப்போராட்டம் இல்லாமல் வந்த முடிவு இல்லை அது. கடைசியில் ஐடா இருபாலர் கல்லூரிக்குச் சம்மதித்தார். அதற்காகத் தோழிகளின் கோபத்தையும் ஏற்றுக்கொண்டார்.

அப்புறம் என்ன ஆச்சு?

1942-ல் தற்காலிக அனுமதியோடு எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் முதல்வராக வந்து, பல்கலைக்கழகம் கேட்ட தரத்துக்குக் கல்லூரியைக் கொண்டுவர உழைத்தார். 1947-ல் முதன்முறையாக 10 ஆண்கள் சேர்ந்தார்கள். அதே காலகட்டத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் ஒரு இந்தியப் பெண், மகப்பேறு மருத்துவர் ஹில்டா லாசரஸ். பீபாடி பயந்த மாதிரி பெண்களின் கை உடனே கீழே போய்விடவில்லை. 1950-ல் பல்கலைக்கழகத்தின் நிரந்தர இணைப்பு கிடைத்தது.

ஐடா அதற்கு முன்பே, 1946-ல், ஓய்வுபெற்றிருந்தார். பொறுப்பை விட்டபின் குறுக்கே நிற்காமல் ஒதுங்கிக்கொண்டார். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது வருகிறது என்று நமக்குத் தெரியும். கொடைக்கானலில் ஹில்டாப் என்ற தன் வீட்டில் இருந்தார். தோட்ட வேலை, டென்னிஸ், பைபிள் வகுப்பு. வேலூருக்கு வந்தால் மாணவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். வெளிநாட்டிலிருந்து வெறும் டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் எழுதி அனுப்பிய கடிதம்கூட அவருக்குச் சரியாக வந்து சேர்ந்தது என்று சொல்வார்கள்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நார்த்ஃபீல்டில் கனவு கண்ட அந்த அமெரிக்க வீடு அமையவே இல்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகும் கல்லூரி நிற்கவில்லை. 1948-ல் பால் பிராண்ட் அங்கே தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்யத் தொடங்கினார். குடியாத்தம் சாலை மரத்தடியில் ஐடா புண்ணுக்கு மருந்து கட்டி அனுப்பியதும் இதே போன்ற கைகளுக்குத்தான். அந்த அறுவை சிகிச்சையை இளம் மருத்துவர்கள், ஆண்களும் பெண்களும், பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார்கள்.

1960 மே 24 அன்று, கொடைக்கானலில், 89 வயதில் ஐடா ஸ்கடர் காலமானார்.